முனியின் மேல் போட்ட பழி

அந்தத் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த ரயிலில் கக்கூஸ் கதவைத் திறக்கவே முடியவில்லை. கதவில் சாய்ந்தபடி ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. பலகாரப் பை, பட்டாசுப் பெட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பிள்ளைகள் இரண்டு. அவர்களை எழுப்பினால் நான் மனிதனா? அடக்கிக்கொண்டு நின்றேன். வட்டகொடையில் இறங்கியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் கக்கூஸிலும் வரிசை. சரி போ, மலை நிறையத் தேயிலைச் செடி இருக்கிறதே என்று எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஏறினேன். எல்லாம் அந்தப் பாதையில்தான் தொடங்கியது என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை எந்தத் தோட்டத்திலும் தேடிப் பிடிக்க முடியாது.

குறுக்குப் பாதை பழைய ஸ்டோருக்குப் பின்பக்கமாகப் போகும். தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். எங்கள் ஸ்டோரை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. அதன் பின்னால் ஒரு கல்லும் மூன்று சூலமும் உண்டு. அதுதான் ரோதமுனி. ஒரு காலத்தில் அந்த ஸ்டோரின் இயந்திரங்களையெல்லாம் பெரிய ரோதை ஒன்று, அதாவது சக்கரம், சுற்றி ஓட்டியது. அதில் ஆளின் கையோ காலோ போய்விடாமல் காத்த முனி இது. வருடா வருடம் சேவலும் சாராயமும் சுருட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ரோதையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். முனியை யாரும் கழற்றவில்லை. ரோதை இல்லாத முனி சும்மா இருக்கிறது, சும்மா இருக்கிறவனுக்குத்தான் கோபம் அதிகம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

பகல் இரண்டு மணிதான் இருக்கும். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. சுவரோரம் மானாப்புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதற்குள் நின்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கினேன். பாதியில் சத்தம் கேட்டது. ஸ்டோருக்குள்ளே இருந்து, கடக், கடக், கடக் என்று. ஏதோ கனமானது மெதுவாகச் சுற்றுகிற சத்தம். உள்ளே ஒரு ஆணி கூட மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். தகரம் காற்றில் ஆடுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் காற்றே இல்லை. புல் நுனி கூட அசையவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. திரும்பினேன், ஒருவரும் இல்லை. குனிந்து பார்த்தால் புல்லுக்குள் என் காலடியில் அந்தக் கல். நான் நனைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அடப்பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் வந்துவிட்டது.

ஒன்றுக்குப் போகும்போது கொச்சிக்காயை அரைத்துத் தடவியது போல ஓர் எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தேன். சாரத்தில் மஞ்சளாக ஒரு கறை. நுனி சிவந்து, தொட்டால் சுட்டது. அழுத்தினால் சீழ் மாதிரி கெட்டியாக, பச்சை கலந்த மஞ்சளில் ஒரு துளி வந்து நின்றது. என் உடம்புக்குள்ளே இருந்து என்னைக் கேட்காமல் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது என்று தோன்றியது. துடைத்தேன். சிறிது நேரத்தில் மறுபடியும் வந்து நின்றது. வீட்டுக்குள் தீபாவளிப் பலகார வாசனை, வெளியே பிள்ளைகள் வெடி போடுகிற சத்தம். நான் லயத்துக் கக்கூஸின் தகரக் கதவுக்குப் பின்னால் நின்று, முனியே முனியே என்று முனகிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கொழும்பில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தேன். வேலைத்தலத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பெண். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு அவளுடைய அறைக்குப் போயிருந்தேன். அவள் நல்லவள், சிரித்த முகம், குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கடைக்கு வருவாள். அவள் மேல் பழி போட இதை எழுதவில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்ததோ, அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அந்த எரிச்சலையும் அந்த அறையையும் நான் ஒரு நிமிடம் கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். ‘அந்த மாதிரி’ நோய் ‘அந்த மாதிரி’ இடத்துக்குப் போகிறவனுக்கு வரும். நான் போனது சாமி படம் மாட்டிய அறை. எனக்கு எப்படி வரும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நான் இரண்டு கண்ணையும் மூடிக் கையாலும் பொத்திக்கொண்டேன்.

ஊர் வந்து சேர்ந்த அன்று இரவு நான் என் மனைவியோடுதான் இருந்தேன். அவளுக்கு அப்போது நான்காவது மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை, இது இரண்டாவது.

மூன்றாம் நாள் பூசாரியிடம் போனேன். தோட்டத்தில் காவல் வேலை பார்க்கிறவர், முனிக்குப் பூசை வைப்பதும் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

“அங்க போய் ஒண்ணுக்கு இருந்தியா? ஏன் தம்பி, ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?”

“தெரியாமப் போயிட்டேன் அண்ணே. புல்லு மறைச்சிருச்சு.”

“முனிக்குத் தெரியுமே. எதால தப்பு செஞ்சியோ அதுலதான் போடும். கண்ணால செஞ்சா கண்ணுல போடும்.”

எலுமிச்சம்பழம் அறுத்தார், சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைத்தார். பொங்கலுக்குள் சரியாகிவிட்டால் சேவல் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். கல்லில் இருந்த சுருட்டு யாரோ இழுப்பது போலக் கனிந்து கனிந்து அணைந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

கொழும்புக்குத் திரும்பினேன். கொத்தமல்லித் தண்ணீர், இளநீர், வெந்தயம். சூடு, வெறும் சூடு என்று கூட வேலை செய்தவர்களிடம் சொன்னேன். அந்தப் பெண்ணின் பக்கம் போகவில்லை, ஒழுக்கத்தால் அல்ல, எரிச்சலால். மூன்றாவது வாரம் எரிச்சல் குறைந்தது. சீழ் நின்றது. காலையில் எப்போதாவது ஒரு துளி, ஒரு பக்க விதையில் லேசான கடுப்பு, அவ்வளவுதான். முனி மன்னித்துவிட்டது. சாலையோரத்தில் நின்று சத்தம் போட்டு அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக ஊருக்கு வந்தேன், சேவல் வாங்கப் பணத்தோடு. பூசைக்கு முன்னால் இடத்தைத் துப்புரவு செய்ய வேண்டும், அது நேர்ந்தவனின் வேலை. காலை பத்து மணிக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு தனியாக ஸ்டோருக்குப் பின்னால் போனேன். வெயில் நன்றாக இருந்தது. புல்லை வெட்டிக்கொண்டே போனபோதுதான் கல்லுக்குப் பக்கத்திலிருந்த கொய்யாமரத்தைப் பார்த்தேன்.

கிளையில் முடிச்சுகள். துணி முடிச்சுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரே இடைவெளியில். எண்ணினேன். பதினொன்று. பழையது மழையில் வெளுத்திருந்தது. கடைசி முடிச்சு நேற்றுக் கட்டியது போலப் புதிதாக இருந்தது. கிளிப்பச்சைத் துணி, ஓரத்தில் வெள்ளிக் கோடு. அந்தத் துணி எனக்குத் தெரியும். தீபாவளிக்கு என் மனைவிக்கு நான் வாங்கிக்கொடுத்த சேலை அது.

எங்கள் பெண்கள் ரோதமுனி பக்கம் போக மாட்டார்கள். வயிற்றில் பிள்ளையிருக்கிற பெண் அந்தப் பாதையில் நடக்கக்கூட மாட்டாள். கடைசி முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே மஞ்சள் தடவிய இன்னொரு துணித் துண்டு, விரல் அகலம். அது என் பழைய சாரம். அதில் அந்தக் கறை இருந்தது, காய்ந்து, பழுப்பாக. இரண்டாவது முடிச்சையும் அவிழ்த்தேன். அதிலும் அதே சாரம், அதே கறை. அப்போது ஸ்டோருக்குள்ளே ஒரு முறை கடக் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே முறை.

செய்வினை. வேறு என்ன நினைப்பேன்? என் உடம்பில் பட்ட துணியை எடுத்து, முடிந்து, வாரா வாரம் கட்டியிருக்கிறாள். எனக்கு மருந்து வைத்தது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொழும்பு விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, பழிவாங்குகிறாள். பேயறைந்தவன் போல லயத்துக்குப் போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் நன்றாகத் தெரிந்தது. அவிழ்த்த இரண்டு முடிச்சுகளையும் சுளகிலே வீசினேன்.

“என்னடி இது? யாருக்குடி செய்வினை வைக்கிற? எனக்கா?”

அவள் முடிச்சைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

“ஐயோ, இத ஏங்க அவுத்தீங்க? அவுக்கக் கூடாதுங்க! மொதல்ல கையக் கழுவுங்க, உப்புப் போட்டுக் கழுவுங்க!”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு!”

“கத்தாதீங்க, பக்கத்துக் காம்பராவுல கேக்கும். உள்ள வாங்க.”

உள்ளே போனோம். அவள் கதவைச் சாத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“தீபாவளிக்கு மறுநாளே பாத்துட்டேங்க, ஒங்க சாரத்துல. தண்ணிப் பீலிக்குக் கொண்டு போனா நாலு பேரு கண்ணுல படுமேன்னு உள்ளுக்குள்ளயே வாளியில தொவச்சேன். கறை போகல. என்னமோ ஏதோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன். அப்பறம் பூசாரி அண்ணன் வீட்டு அக்கா சொன்னாங்க, நீங்க முனிகிட்டத் தப்பு பண்ணிட்டீங்கன்னு. நீங்க எங்கிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டீங்க, எனக்குத் தெரியும்.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் போனேன். வெள்ளிக்கெழமை கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு வாரப்ப. கல்லத் தொடலங்க, மரத்துக்கிட்ட நின்னுதான் கேட்டேன். அவரு வெளியூருல வேல செய்யிற மனுசன், அவருக்குக் குடுத்தத எனக்குக் குடு, நான் தாங்கிக்கிறேன்னு. ஒவ்வொரு வாரமும் அந்தச் சாரத்துல ஒரு துண்டக் கிழிச்சு வச்சு ஒரு முடிச்சு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை என்னால் மறக்க முடியாது. பெருமை. பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி.

“மூணாவது முடிச்சுப் போட்ட வாரம் எனக்கு வந்துருச்சுங்க. அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, ஒண்ணுக்குப் போனா எரியுது, மஞ்சளாப் படுது. ஒங்களுக்கு அந்த வாரம் நின்னுருச்சு இல்ல?”

நின்றுவிட்டது. அதே வாரம்தான். என் உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் நானும் அதை நம்பினேன். முனி கேட்டுக்கொண்டது, என்னிடமிருந்து எடுத்து இவளிடம் போட்டுவிட்டது. இரண்டு காம்பரா தள்ளி யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றபோது மெல்ல மெல்ல வேறொன்று உறைத்தது. என் உடம்பில் இருந்தது அவள் உடம்புக்குப் போக முனி எதற்கு? அந்த வழி எனக்குத் தெரியும். ஊர் வந்த அன்று இரவே நான் அந்த வழியாகப் போயிருக்கிறேன். முனிமேல் நான் செய்த தப்புக்கு அவளுக்கு ஏன் சீழ் வர வேண்டும்? அவள் எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவளுக்கு வந்திருக்கும். கொழும்பு அறை, அந்தச் சிரித்த முகம், சாமி படம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதற்கென்றே ஒரு கிளினிக் உண்டு, கட்டடத்தின் கோடியில். பெயரைச் சொல்லிக் கத்தவில்லை, எண் கொடுத்துக் கூப்பிட்டார்கள். டாக்டர் சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும், தமிழைத் தடவித் தடவிப் பேசினார். பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் நுனியிலிருந்து எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்குக் கொடுத்தார்கள். பிறகு அவர் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

“எப்ப தொடங்கினது?”

“தீபாவளியன்னைக்குக் காலையில. ஆனா இப்ப நின்னுருச்சுங்க டாக்டர், எரிச்சல் இல்ல.”

“எரிச்சல் நிக்கிறது வேற, வருத்தம் போறது வேற. நோய் இன்னும் உள்ள இருக்கு.”

“முந்தின நாள் ஒரு தப்பு செஞ்சேன். முனி கல்லு மேல...” என்று தொடங்கிவிட்டேன். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. தம்பி என்பதைச் சிங்களத்தில் சொன்னார். “மல்லி, இது ஒரு நாள்ல வராது. ரெண்டு நாள், அஞ்சு நாள், ஒரு கிழமை. அதுக்கு முன்னால எங்க போனீங்க, யோசிங்க. சாமி மேல பழி போட வேணாம்.”

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. ஊசியும் மாத்திரையும் தந்தார். “மனைவி?” என்றார். ஏழாவது மாதம் என்றேன். அப்போதுதான் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கட்டாயம் கூட்டிட்டு வரணும். நெறைய பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, சும்மா இருக்கும். புள்ள பிறக்கிற நேரம் அது கண்ணுல பட்டா, கண்ணு கெட்டுப் போகும். புள்ள முன்னாடியே பிறந்தும் போகலாம். மருந்து இருக்கு, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இப்ப வரணும்.”

எண் எழுதிய ஒரு துண்டைத் தந்தார், அவளிடம் கொடுக்க. அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் மூட்டம். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் கண் திறக்காத ஒரு பிள்ளை முகம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு தலையை உதறினாலும் போகவில்லை.

உண்மையைச் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான்.

“சூட்டுக்கு ஆஸ்பத்திரியில நல்ல மருந்து குடுக்கிறாங்களாம் புள்ள. நாளைக்கிப் போயிட்டு வருவோம்.”

“வேணாங்க.”

“ஏன்?”

“மருந்து எடுத்தா அது எங்க போகும்? திரும்ப ஒங்க மேலதான் வரும். நானாக் கேட்டு வாங்கினது. புள்ள பொறக்கிற வரைக்கும் தாங்கிக்கிறேன், அப்பறம் முனியே எடுத்துக்கும். நீங்க ரெண்டு முடிச்ச அவுத்ததுக்கே எனக்குப் பயமா இருக்கு.”

கெஞ்சினேன். திட்டினேன். பிள்ளைக்கு ஆகாது என்றேன். “முனி புள்ளையத் தொடாது, அதையும் சேத்துத்தான் கேட்டுருக்கேன்” என்றாள். அவள் கணக்கில் எந்த ஓட்டையும் இல்லை. என் வலி நின்ற வாரம் அவளுக்கு வந்தது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் அவளுக்கு? அன்றும் மறுநாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தபடியே எனக்குச் சோறு போட்டாள், நான் நன்றாக இருக்கிறேனா என்று முகத்தை முகத்தைப் பார்த்தாள்.

கடைசிக் குறுக்கு வழியாகப் பூசாரியிடம் ஓடினேன். முனி இறங்கி, நான் எடுத்துக்கொண்டேன், இனி மருந்து சாப்பிடலாம் என்று அவளிடம் வாக்குச் சொன்னால் போதும் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முனி வாயில பொய்ய வைக்கச் சொல்றியா? ஏன், ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? நீயே சொல்லு.”

பொங்கலன்று பால் பொங்கி முடிந்து, பக்கத்து வீட்டார் வந்து போன பிறகு, அவளை உட்காரச் சொன்னேன். சொன்னேன். கொழும்புக் கடை, அந்தப் பெண், அந்த அறை, எத்தனை தடவை, எந்த நாள். டாக்டர் சொன்ன நாள் கணக்கு. இது எப்படிப் பரவும் என்பது. பிள்ளையின் கண். நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள், கத்துவாள், தாய் வீட்டுக்குப் போவாள் என்று எல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“இப்பப் போனாப் புள்ள கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதா?”

“ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க.”

மறுநாள் கிளினிக் திறக்கிற நேரத்துக்கு முன்பே அங்கே இருந்தோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில். உள்ளே அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது ஊசி போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா நல்ல மாதிரி என்றாள், என்னிடம் இல்லை, பொதுவாக.

திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தது. மலைமேல் மூட்டம் அப்படியே நின்றது. வட்டகொடைப் பாதை திரும்புகிற இடத்தில் அவள் பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“அவருக்குக் குடுத்தத எனக்குக் குடுன்னு வெள்ளிக்கு வெள்ளி போய்க் கேட்டேனே. நான் மொதத் தடவ கேக்கிறதுக்கு முன்னாடியே நீங்க குடுத்துட்டீங்க.”

நான் அவள் கையைத் தொடப் போனேன். அவள் கையை வயிற்றின் மேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எங்கள் இருவருக்கும் குணமாகிவிட்டது என்று மறு பரிசோதனையில் சொன்னார்கள். பங்குனியில் பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவமனைத் தாதி அதன் கண்களைத் துடைத்து மருந்து போட்டாள். பிறகு பிள்ளை இமையைப் பிரித்தது, கறுகறுவென்று இரண்டு கண். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொழும்பு வேலையை விட்டுவிட்டேன்; இப்போது டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறேன். வேலைத்தலத்துப் பொடியன்கள் யாராவது, அண்ணே சூடு, மஞ்சளாப் போகுது என்று போன் பண்ணினால், போடா நாயே ஆஸ்பத்திரிக்கு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போ என்று கத்துகிறேன். நின்றுபோனாலும் போ என்கிறேன்.

அவள் என்னோடுதான் இருக்கிறாள். சோறு போடுகிறாள், பேசுகிறாள், பிள்ளை சேட்டைக்கு என்னோடு சேர்ந்து சிரிக்கவும் செய்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டுகிறாள். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தம்பியின் பெயர், கிளினிக்கில் பார்த்த அந்த டாக்டரம்மா. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் பெயர் வருவதில்லை.